கரை மறந்த பகல்

கட்சிகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம்தான் படிப்பீர்கள். வேட்டிக் கரையின் நிறம் போதும். ஒன்று ஊதா. இன்னொன்று வெந்தய நிறம். இரண்டு தலைமுறையாக ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டிருந்தவர்கள், யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்றதும் ஒரே மேடையில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டணி அரசுக்கு இப்போது ஒரு வயது.

கூட்டணி அரசு என்றால் முதல் ஆண்டு முடிவில் மதிப்பீட்டு மன்றம் கூடவேண்டும் என்பது சட்டம். குலுக்கலில் எடுத்த இருபத்தொரு பேர். ஒரு நாள் உட்கார்ந்து எல்லாத் துறையும் சொல்வதைக் கேட்பார்கள். ‘தொடரலாம்’ அல்லது ‘தொடரக் கூடாது’ என்பார்கள். நிபந்தனை போடலாம். போட்டால் அரசு மீற முடியாது. அந்த ஒரு பகலுக்கு மட்டும் அவர்கள் மூளையில் கட்சி இருக்காது. மருந்து கொடுத்து மறைத்துவிடுவார்கள்.

இந்த முறை குலுக்கலில் வந்தவர்களில் ஒருவர் சிங்காரவேலு. கீரனேரியில் மைக் செட் கடை வைத்திருப்பவர். ஊதாக் கட்சியின் நகரச் செயலாளர்.

அவர் மகள் வாகைச்செல்விக்கு அம்மா ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள்.

“கூட வீட்டு ஆள் ஒருத்தர் இருக்கணுமாம்டி. எனக்கு முட்டி மடங்கல. நீ போ.”

“மூணு வருஷமா என் மூஞ்சியப் பார்க்காத மனுஷனுக்கு நான் எதுக்கும்மா துணை?”

“முந்தின நாளே வேன் வந்து கூட்டிட்டுப் போயிடும். நீ காலையில போறப்ப அவருக்கு எல்லாம் மறந்திருக்கும். அப்ப உன்னைப் பார்ப்பாருல்ல?”

“மறந்துட்டுப் பார்த்தா என்ன, பார்க்காட்டி என்ன?”

“அவரும் பாவம்டி. கூட்டணி வந்தப்பவே பேசியிருக்கலாம்னு நான் சொன்னேன். இப்பப் போய்ப் பேசினா ஊரு என்ன சொல்லும், பொண்ணுக்காகப் பேசல, தலைமை சொல்லிப் பேசறான்னு சொல்லும்னாரு.”

“நானும் அதைத்தான் சொல்றேன். கூட்டணிக்காக வந்தா நான் கதவைத் திறக்க மாட்டேன்.”

“அப்பனும் மகளும் ஒரே அச்சு,” என்று அம்மா போனை வைத்தாள்.

வாகைச்செல்வி காதலித்தது கதிரொளியை. கதிரொளியின் அப்பா மாசிலாமணி, வெந்தயக் கட்சியின் ஒன்றியச் செயலாளர். முந்தைய தேர்தலில் சிங்காரவேலுவின் ஸ்பீக்கர் பெட்டிகளை ஆள் வைத்து ஏரியில் தள்ளியவர். பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் நடந்த அன்று சிங்காரவேலு மகளின் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றினார். அதுகூடப் பரவாயில்லை. போன வருடம் கூட்டணிக் கூட்டத்தில் அதே மாசிலாமணிக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார். தலைமையின் உத்தரவு. மேடைக்குக் கீழே முதல் வரிசையில் மகள் நின்றிருந்தாள். அவள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்தப் பொன்னாடையைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

இருந்தும் போனாள்.

மன்றம் திருச்சியில், ஒரு பழைய பயிற்சிக் கல்லூரியில் கூடியிருந்தது. வாசலிலேயே மருத்துவர் ஹசீனா அவளைத் தனியே அழைத்துப் போனார். நாற்பது வயதிருக்கும். சரியாகத் தூங்காத முகம்.

“உங்க அப்பா விஷயத்துல ஒரு சிக்கல்மா. பயப்படாதீங்க. இந்த மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். முதல்ல கொடி, பாட்டு, கோஷம் எல்லாம் காட்டுவோம். மூளையில எங்கெல்லாம் விளக்கு எரியுதோ, அங்கெல்லாம் ஒரு திரை போடுவோம். சாயங்காலம் எடுத்துடுவோம். அவ்வளவுதான்.”

“அப்பாவுக்கு எங்க எரிஞ்சுது?”

“எங்க எரியலன்னு கேளுங்க.” ஹசீனா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதை வெளிநாட்டுல கண்டுபிடிச்சாங்க. அங்க கட்சின்னா ஓட்டுப் போடற அன்னிக்கு ஞாபகம் வர்ற விஷயம். சுண்டு விரல் அளவு திரை போதும். நாங்களும் அதையே வாங்கிட்டு வந்துட்டோம். இங்க ஒருத்தர் கல்யாணத்தைத் தலைவர் நடத்தி வைக்கிறாரு, பிள்ளைக்குத் தலைவர் பேர் வைக்கிறாரு, செத்தா மேல கொடி போர்த்தறாங்க. உங்க அப்பாவுக்குத் தன்னோட கல்யாண நாள் ஞாபகம் இல்ல. தாத்தா சாவு ஞாபகம் இல்ல. உங்களுக்கு யார் பேர் வச்சது?”

“தலைவர்தான். இடைத்தேர்தல்ல ஜெயிச்ச மேடையில.”

“அதான். மகள் இருக்கான்னு தெரியுது. பேரு வரல. நீங்களும் சொல்லக் கூடாது. சொன்னா அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டு எல்லாம் வந்துடும், திரை கிழிஞ்சிடும்.”

“அப்ப அவரை அனுப்பிட வேண்டியதுதானே?”

“நானும் நினைச்சேன். ஆனா இந்த மாதிரி ஆளுங்களையெல்லாம் அனுப்பிட்டா, எந்தக் கூட்டத்துக்கும் போகாதவங்க, எந்தப் பள்ளத்தையும் எட்டிப் பார்க்காதவங்க மட்டும்தான் மிச்சம். அவங்க தீர்ப்பை வச்சு என்ன பண்றது? அவரும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வந்திருக்காரு.” கொஞ்சம் தயங்கினார். “இன்னொண்ணு. திரையை எடுக்கறப்ப ஞாபகம் பழசா திரும்பாது. புதுசா திரும்பும். பத்து வருஷத்துக் கோபம் இன்னிக்குக் காலையில நடந்த மாதிரி இருக்கும். கொஞ்ச நாள்ல அடங்கிடும். வீட்டுல ஏதாவது மனஸ்தாபம் இருந்தா...”

“இருக்கு,” என்றாள் வாகைச்செல்வி.

மன்றத்தில் எல்லோருக்கும் கரையே இல்லாத வெள்ளை வேட்டி, வெள்ளைப் புடவை. கரை இல்லாமல் அப்பாவை அவள் பார்த்ததே கிடையாது. பாதி ஆள் குறைந்த மாதிரி இருந்தார். சுவரில் மாட்டியிருந்த ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டதும் சிரித்தார். மூன்று வருடத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பு. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

“வாம்மா. நீ என் மகதானே? மூஞ்சி தெரியுது, பேரு வாயில வர மாட்டேங்குது. கேட்டா டாக்டரம்மா சொல்ல மாட்டேங்குறாங்க. என்ன கொடுமை பாரு.”

“ம்.”

“இவனுங்க ஸ்பீக்கரைத் தப்பாக் கட்டியிருக்கானுங்க. மைக்குக்கு நேரா மூஞ்சி வச்சிருக்கான். இப்பக் கத்தும் பாரு.”

சொல்லி வாய் மூடுவதற்குள் ஸ்பீக்கர் கீச்சென்று அலறியது. சிங்காரவேலு எழுந்துபோய் மைக் ஸ்டாண்டை இரண்டடி தள்ளி வைத்துவிட்டு வந்தார். “தொழில் ஞாபகம் இருக்கு. யாருக்கு மைக் கட்டினேன்னுதான் தெரியல,” என்றார்.

விசாரணை தொடங்கியது. அதிகாரிகள் வரிசையாக வந்து பேசினார்கள். கட்சிப் பெயரோ அமைச்சர் பெயரோ சொல்லக் கூடாது. முதல் துறை, இரண்டாம் துறை என்றே சொன்னார்கள். சாதனைகளை முதலில் வைத்தார்கள். தாலுகாவுக்கு ஒரு டயாலிசிஸ் மையம் திறந்திருந்தார்கள். பொய்யில்லை, உட்கார்ந்திருந்த இரண்டு பேர் வீட்டில் அதனால் உயிர் பிழைத்திருந்தது. அவர்கள் எழுந்து சொன்னார்கள். ஆசிரியர் நியமனத்தில் பணம் கைமாறவில்லை. டெல்டாவில் குறுவைக்குத் தண்ணீர் நேரத்துக்குப் போனது. சிங்காரவேலு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கட்சிக்காரனின் தலையாட்டல் இல்லை அது. வாங்கப்போகும் மாட்டின் பல்லைப் பார்ப்பவனின் தலையாட்டல்.

அப்புறம் நின்றுபோன வேலைகள். சுவரில் காட்டிய படங்களில் முதலில் வந்ததே கீரனேரி ரயில்வே கேட் சுரங்கப்பாதை.

“எங்க ஊரு!” என்றார் சிங்காரவேலு.

தோண்டியது ஒரு துறை. நடுவே குடிநீர்க் குழாய் குறுக்கிட்டது. குழாயை நகர்த்த வேண்டியது இன்னொரு துறை. அவர்கள் நகர்த்தவில்லை. மழை பெய்து பள்ளம் குளமானது. மேலக் கீரனேரிக்காரர்கள் கீழக் கீரனேரிக்குப் போக அடுத்த ஊர் கேட் வரை சுற்ற வேண்டும். ஒரு பால்காரர் வண்டியோடு உள்ளே விழுந்து ஒரு காலை இழந்தார். இதே பள்ளத்தைக் குறை சொன்னவர்களோடு சிங்காரவேலு ஒரு வருடமாக டீக்கடையில் சண்டை போட்டிருக்கிறார். வேலை நடக்கும்போது தூசி பறக்கத்தான் செய்யும் என்று மைக்கில் பேசியிருக்கிறார். அதெல்லாம் வாகைச்செல்விக்குத் தெரியும். அவருக்கு இன்று தெரியாது.

“ஐயா, ஒரு கேள்வி,” என்று எழுந்தார். “தோண்டினவரு குழாய்க்காரருக்குச் சொன்னாரா?”

“கடிதம் எழுதினார்கள்,” என்றார் அதிகாரி.

“அதுக்கு அவரு?”

“பதில் கடிதம் எழுதினார்.”

“ரெண்டு பேரும் ஒரே அரசாங்கந்தானே? ஒரே கட்டடந்தானே?”

“அடுத்தடுத்த மாடி.”

சபையில் சிரிப்பு. சிங்காரவேலு சிரிக்கவில்லை. “மாடி இறங்கிப் போய்ப் பேச என்ன வலி? முன்விரோதமா?”

அதிகாரி மன்றத் தலைவரைப் பார்த்தார். தலைவர் மேசையைப் பார்த்தார். முன்விரோதம் என்று சொன்னால் கட்சிப் பெயர் சொன்னதாகிவிடும். “அதற்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை,” என்றார் அதிகாரி.

“அதுவே பதில்தான்யா,” என்று உட்கார்ந்தார் சிங்காரவேலு.

மதியம் சாப்பாட்டில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார். “ஏம்மா, நீ என்கூடப் பேசவே மாட்டேங்குறியே. உனக்கும் எனக்கும் ஏதாவது தகராறா?”

“ஆமா.”

“யாரு மேல தப்பு?”

“நான் கல்யாணம் பண்ணிக்கிட்டது உங்களுக்குப் பிடிக்கல. மூணு வருஷமாப் பேசல.”

அவர் கை நின்றது. “பையன் குடிப்பானா?”

“இல்ல.”

“அடிப்பானா?”

“சேச்சே.”

“வேற சாதியா?” என்று குரலைத் தாழ்த்தினார்.

“நம்ம ஆளுங்கதான்.”

“வேலைவெட்டி இல்லாதவனா?”

“ரயில்வேல இருக்காரு.”

“அடச்சே, அப்புறம் என்ன இழவுக்கு நான் பேசல?”

விதியை விட்டுத்தள்ளினாலும், கட்சி என்ற சொல்லை எடுத்துவிட்டு அதைச் சொல்ல அவளுக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. “உங்க சம்பந்தி ஒரு தடவை உங்க ஸ்பீக்கரை ஏரியில தள்ளினாரு,” என்றாள்.

“எது? கூம்பா, பாக்ஸா?”

“பாக்ஸ்.”

“அது பெரிய பாவம்.” அப்பளத் துண்டைச் சோற்றில் அமுக்கினார். “இருந்தாலும் அது அவனுக்கும் எனக்கும் உள்ள கணக்கு. உன்கிட்ட எதுக்குப் பேசாம இருந்தேன்? சாயங்காலம் இந்தத் திரையை எடுத்ததும் மறுபடி பேச மாட்டேனா?”

“மாட்டீங்க.”

“அவ்வளவு கூறுகெட்டவனா நான்?”

“ஆமாப்பா.”

அப்பா என்று சொன்னதை அவளே அப்புறம்தான் கவனித்தாள். அவர் கவனிக்கவில்லை. “அப்படின்னா இந்த ரசத்தை ஊத்து. பேசற வரைக்கும் பேசுவோம்,” என்றார். கதிரொளி எப்படி, மாமியார் எப்படி, கண்ணாடிக் கடையில் கண் பார்க்கும் வேலை எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் சொன்னாள். இரண்டு இடத்தில் சிரித்துவிட்டாள். மணி அடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் சில மணி நேரம்.

பிற்பகலில் அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். பார்வையாளர்கள் கண்ணாடிக்கு வெளியே. குரல் ஸ்பீக்கரில் கேட்கும். தொடரக் கூடாது என்று ஒரு கல்லூரி மாணவி நன்றாகவே வாதாடினாள். நின்றுபோன வேலையெல்லாம் ஒரே நோய் என்றாள். இரண்டு கை, ஒன்று செய்வது ஒன்றுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட உடம்பை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

சிங்காரவேலு எழுந்தார். “பாப்பா சொல்றது நிஜம். ஆனா டயாலிசிஸ் மையம் ஒரே துறை பண்ணினது, ஓடுது. தண்ணி ஒரே துறை விட்டது, வந்துது. தனித்தனியா வேலை தெரிஞ்சவங்கதான். சேர்ந்து செய்யத் தெரியல. அதுக்காக வீட்டை இடிக்க வேணாம். தொடரட்டும். ஆனா ஒரு நிபந்தனை. தோண்டற துறை, குழாய்த் துறை ரெண்டையும் ஒரே அமைச்சர் கையில கொடுக்கணும். தன்கிட்டயே கடிதம் எழுதிக்கிட்டு உட்கார முடியாதுல்ல?”

யாரோ கைதட்டினார்கள். கடைசியில் அதுதான் தீர்ப்பானது. தொடரலாம் என்று பதிமூன்று பேர். மாணவி எதிர்த்து வாக்களித்தாள், ஆனால் நிபந்தனைக்கு அவளும் கை தூக்கினாள்.

பிறகு ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்குப் போனார்கள். சிங்காரவேலு போகும்போது மகளின் கையைத் தட்டிவிட்டுப் போனார். அறைக்குள் அவர் தலையில் வளையத்தை மாட்டினார் ஹசீனா. வாகைச்செல்வி கதவோரம் நின்றாள்.

அவர் முகத்தில் அது நடந்ததை அவள் பார்த்தாள். முதலில் கண் கலங்கியது, தாத்தா சாவாக இருக்கும். அப்புறம் ஒரு சிரிப்பு, கல்யாணமாக இருக்கும். உதடு அசைந்து அவள் பெயரைச் சொன்னது. ஒரு கணம் அவ்வளவு பாசமாகச் சொன்னது. பிறகு தாடை இறுகியது. கழுத்து நரம்பு எழும்பியது. ஏரியில் மிதந்த பெட்டி, பதிவாளர் அலுவலகம், எல்லாம் இன்றைக்குக் காலையில் நடந்ததாக வந்துகொண்டிருந்தது.

எழுந்து ஊதாக் கரை வேட்டியைக் கட்டிக்கொண்டார். அவளைத் தாண்டி வெளியே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

“சொன்னேனேம்மா, கொஞ்ச நாள் ஆகும்,” என்றார் ஹசீனா.

“தெரிஞ்சதுதான் டாக்டர்,” என்று பையை எடுத்துக்கொண்டாள் வாகைச்செல்வி.

வெளியே வாசலில் அவள் எதிர்பார்த்த பட்டாசு இல்லை. ஊதாக் கட்சிக்காரர்கள் ஒரு பக்கமும் வெந்தயக் கட்சிக்காரர்கள் எதிர்ப்பக்கமும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். காலையில் ஒரே வேனில் வந்து இறங்கியவர்கள். ஊதாக் கட்சி மாவட்டச் செயலாளர் தங்கப்பழம், மூன்று போன்களில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தவர், சிங்காரவேலுவைக் கண்டதும் ஓடிவந்தார்.

“யோவ் சிங்காரம், உள்ளதானே இருந்தே? அந்த நிபந்தனையைப் போட்டது எவன்யா?”

“என்ன ஆச்சுண்ணே?”

“தோண்டற துறை நம்மளோடது, குழாய்த் துறை அவனுங்களோடது. முதல்வர் நம்ம ஆளு, ரெண்டையும் நம்ம மந்திரிகிட்டத்தான் கொடுப்பாருன்னா அவன் விடுவானா? கூட்டணி முறிஞ்சதுன்னு இப்பத்தான் அவங்க தலைவர் அறிவிச்சாரு. மந்திரிசபையிலிருந்து வெளிய போறானுங்க. கவுக்க மாட்டானாம், வெளியிலிருந்து ஆதரவாம். ஆட்சி நிக்கும். ஆனா உறவு முடிஞ்சுது. இனிமே பழைய பகைதான்.”

“அப்ப பள்ளம்?”

“எந்தப் பள்ளம்?”

“எங்க ஊரு பள்ளம். ரெண்டு துறையும் இப்ப நம்ம ஆளுகிட்டதானே? இனிமே காரணம் சொல்ல முடியாதுல்ல?”

தங்கப்பழம் அவரை ஒரு மாதிரி பார்த்தார். “உனக்கு இன்னும் மருந்து இறங்கலையா?”

“இறங்கிடுச்சுண்ணே. அந்த நிபந்தனையைப் போட்டது நான்தான்.”

மாவட்டச் செயலாளரின் கையில் ஒரு போன் அடித்துக்கொண்டே இருந்தது. சிங்காரவேலு அதற்குமேல் நிற்கவில்லை. ஏதோ பெரிய பாரம் தலையிலிருந்து இறங்கின ஆள்போல வேகமாக நடந்தார்.

புகுந்த வீட்டுக்குப் போகும் கீழக் கீரனேரி பஸ்ஸில் வாகைச்செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் ஒருவர் தொப்பென்று விழுந்தபோது பார்த்தாள். ஊதாக் கரை.

பஸ் கிளம்பியது. அவருக்கு மூச்சு வாங்கியது.

“நீங்க ஏறவேண்டியது மேலக் கீரனேரி பஸ். இது இல்ல,” என்றாள்.

“எனக்குத் தெரியும் எதுல ஏறணும்னு.” குரல் கரகரத்தது. “உன் மேல கோபம் அப்படியே இருக்கு. இன்னிக்குக் காலையிலதான் நீ வீட்டை விட்டுப் போன மாதிரி இருக்கு. நாலு அறை விடலாம்னு இருக்கு.”

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

“கோபம் இருந்தா பேசக் கூடாதுன்னு எவன் சொன்னான்?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் தொடர்ந்து பேசினார், முன் இருக்கையின் முதுகைப் பார்த்து.

“போன வருஷம் வந்திருந்தா உன் மாமனார் என்ன சொல்லியிருப்பான்? கட்சி அனுப்பிச்சுதுன்னு சொல்லியிருப்பான். நீயும் அதைத்தான் சொல்லியிருப்பே. உங்க அம்மாகூட அப்படித்தான் நினைச்சிருப்பா. இன்னிக்குச் சொல்லுங்கடா பார்க்கலாம். இன்னிக்கு எங்க கட்சியிலிருந்து ஒருத்தன் அந்தத் தெருவுக்குள்ள போனா கட்சியை விட்டே தூக்கிடுவானுங்க.”

அப்போதுதான் அவள் போனைப் பார்த்தாள். கதிரொளியிடமிருந்து நாலைந்து செய்திகள். கூட்டணி போச்சு, அப்பா ஊரைக் கூட்டி வைத்திருக்கிறார், நீ எங்கே இருக்கிறாய். எல்லாவற்றையும் படித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“உங்களாலதான் உடைஞ்சுதா?”

“நான் பள்ளத்தை மூடச் சொன்னேன். அதுக்கே உடையும்னா அது எத்தனை நாளைக்கு நிக்கப்போவுது?”

மாசிலாமணி வீட்டு வாசலில் இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். எல்லாம் வெந்தயக் கரை. தெருமுனையில் ஊதாக் கரை தெரிந்ததும் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. யாரோ ஒருவன் முண்டாசை அவிழ்த்து இறுக்கிக் கட்டினான். வாகைச்செல்வி அப்பாவின் பக்கத்தில் ஒட்டி நடந்தாள். கதிரொளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றான்.

மாசிலாமணி படியில் இறங்கினார். பெரிய மீசை. மேடையில் பொன்னாடை வாங்கியபோது இருந்த சிரிப்பு இப்போது இல்லை.

“என்னய்யா சிங்காரம், சண்டைக்கு வந்தியா?”

“சாப்பிட வந்தேன்,” என்று செருப்பைக் கழற்றினார் சிங்காரவேலு. “சண்டை கை கழுவினப்புறம்.”